பேசும் பெயரட்டை

சென்ற ஆண்டு கொழும்பு மாநகரிலே நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகைவண்டியில் ஏறி, விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, முகங் கழுவித் தேநீர் அருந்திவிட்டு மாநாட்டு மண்டபத்தின் வாயிலை அடைந்தோம். அங்கு நின்ற இளம்பெண் ஒருத்தி புன்னகையோடு ஒரு பெயரட்டையை எம் கழுத்தில் மாட்டினாள். வழமையான அட்டைதான், எமது பெயர் ஆங்கிலத்திலே பிழையாக எழுதப்பட்டிருந்ததும் வழமையானதே. ஆயினும் கையில் எடுத்துப் பார்த்தபோது அது சற்றுத் தடிப்பாக இருந்தது. "இதைக் கழற்றாமல் போட்டிருங்கள், சேர். கதவுகள் தாமாகவே உங்களை அறிந்துகொள்ளும்" என்றாள் அப்பெண். கதவு ஆளை அறியும் காலமும் வந்துவிட்டதே என்று வியந்தவாறு உள்ளே நுழைந்தோம்.

கருத்தரங்கு முடிந்து ஊர் திரும்பும் வழியில் எமது கைத்தொலைபேசிக்கு ஓர் அறிக்கை வந்து சேர்ந்தது. எந்தச் சொற்பொழிவில் எத்தனை நிமிடம் இருந்தோம், எதிலிருந்து பாதியில் எழுந்து போனோம், தேநீர்க் கூடத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பனவெல்லாம் அதிலே கணக்காக எழுதப்பட்டிருந்தன. பிற்பகல் அமர்வைக் காட்டிலும் தேநீர்க் கூடத்திலேதான் நாம் கூடுதல் நேரம் இருந்திருக்கிறோம். உண்மை, மறுப்பதற்கில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு மாதகாலம், வகுப்பறைக்கான மின்திரைகளை விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து நாள்தோறும் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. 'எமது காட்சிக்கூடத்தில் தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி' என்றது முதலாவது செய்தி. எந்தக் காட்சிக்கூடம் என்று நெடுநேரம் யோசித்த பிறகுதான் விடயம் விளங்கிற்று. மண்டபத்தின் குளிர்சாதனக் காற்றைப் பொறுக்கமாட்டாமல், அக்காற்றுப் படாத ஒரு மூலையிலே சிறிது நேரம் ஒதுங்கி நின்றோம். அந்த மூலைதான் அவர்களுடைய காட்சிக்கூடம்! நாம் ஆர்வத்தால் நிற்கவில்லை, குளிரால் நின்றோம். எங்கே நின்றோம் என்பதை அறிந்த அட்டைக்கு, ஏன் நின்றோம் என்பது தெரியவில்லை.

இந்தக் கதையை எமது கல்லூரியின் விஞ்ஞான மன்றத்து மாணவர்களுக்கு ஒருநாள் சொன்னோம். ஆசிரியர் பட்ட பாட்டைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று எண்ணிச் சொன்னதை அவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டனர். "எங்கள் கண்காட்சிக்கும் இப்படி ஒன்றைச் செய்தால் என்ன, சேர்?" என்று கேட்டனர். விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. வேண்டும் என்போரும் வேண்டாம் என்போருமாக மன்றம் இரண்டுபட்டது. அவ்விவாதத்துக்காக நாம் தேடிப் படித்த செய்திகளும், அதன் முடிவில் ஒரு மாணவி எழுப்பிய வினாவுமே இக்கட்டுரை பிறக்கக் காரணமாயின.

அட்டை பேசும் விதம்

எமது வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாதார் இலர். நிலவெறிக்கும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக் கேட்பது எம்மவர் வழக்கம். வெறுங் காதுக்கு எட்டாத ஒலி துடுப்பின் வழியே எட்டுகிறது. இலத்திரனியல் பெயரட்டையின் செயலும் ஏறக்குறைய இத்தகையதே. அது பேசுகிறது, ஆனால் அதனை அணிந்திருக்கும் எமக்கு அப்பேச்சுக் கேட்பதில்லை. கேட்பதற்கென்று வாயிலிலே ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். வாசிப்பான் என்று அதனைக் கூறுவர். அட்டையின் ஒலிக்கு அதுவே துடுப்பு.

இவ்வட்டைகளுள் எளியது, கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான கியூ.ஆர். குறியீட்டை அச்சிட்ட வெறுங் கடதாசி அட்டையாகும். இக்குறியீடு 1994 ஆம் ஆண்டில் யப்பான் நாட்டிலே மோட்டார் வண்டிகளின் உதிரிப் பாகங்களை இனங்காண்பதற்காக ஆக்கப்பட்டது. கைத்தொலைபேசியின் கமராவை அதற்கு நேரே பிடித்தாலன்றி அது வாய் திறப்பதில்லை. ஆகவே, அட்டை வாசிக்கப்படுவதை அணிந்தவர் கண்ணாலே காண முடியும்.

இரண்டாவது வகையில், அட்டைக்குள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் அதன் நுனியில் எள்ளளவான சிலிக்கன் சில்லு ஒன்றும் இருக்கும். மின்கலம் கிடையாது. அவ்வாறாயின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டில் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். வாசிப்பானில் உள்ள சுருளில் மின்னோட்டம் செக்கனுக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை அலைகிறது. அட்டையை அதனருகே சில சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கொண்டுசென்றதும், அட்டையின் சுருளிலும் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்தெழுந்து தன் இலக்கத்தைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. இதிலும், அட்டையைத் தொட்டுக் காட்டுவது அணிந்தவரின் செயலேயாகும்.

மூன்றாவது வகை இன்னும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளைப் பயன்படுத்துவது. இதனைப் பல மீற்றர் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். நிலைமேலே வாசிப்பானைப் பொருத்திவிட்டால் நடந்து செல்வோரின் அட்டைகளையெல்லாம் அது கேட்டுக்கொள்ளும். நான்காவது வகை, சிறு மின்கலத்தோடு புளூடூத் அலைகளைத் தானாகவே இடையறாது வீசிக்கொண்டிருப்பது. இவ்விரண்டிலும் அணிந்தவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. வாசிக்கப்படுவதை அவர் அறிவதுமில்லை. எம் கழுத்தில் கிடந்தது இவற்றுள் ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும்.

பிறந்த கதை

இக்கருத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. வானில் வரும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என்றறிய, தரையிலிருந்து அனுப்பிய வானொலி அலைக்கு விமானமே விடை கூறும் கருவியைப் பொருத்தினர். 1948 ஆம் ஆண்டில் ஹரி ஸ்டொக்மன் என்பார், தனக்கென மின்சாரமில்லாத ஒரு பொருள் தன்மேற் படும் அலையைத் திருப்பியனுப்புவதன் மூலமே செய்தி சொல்ல முடியும் என்பதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அக்கருத்து அட்டைக்குள் அடங்கும் அளவுக்குச் சில்லுகள் சிறுக்கப் பல ஆண்டுகள் சென்றன.

மனிதர் மார்பிலே அணியும் அட்டையாக இக்கருத்து உருப்பெற்ற இடங்களுள் முதன்மையானது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடம் எனலாம். ரோய் வான்ட், அன்டி ஹொப்பர் முதலியோர் 1989 ஆம் ஆண்டுக்கும் 1992 ஆம் ஆண்டுக்கும் இடையே ஆக்கிய அட்டை, 15 செக்கனுக்கு ஒரு முறை அகச்சிவப்புக் கதிரை வீசியது. சுவரை ஊடுருவாத கதிராகையால், எந்த அறையில் அது கேட்டதோ அந்த அறையிலே ஆள் இருக்கிறார் என்பது உறுதி. எதற்காக இந்த ஏற்பாடு? தொலைபேசி அழைப்பு வந்தால், உரியவர் இருக்கும் அறைக்கே அதை அனுப்புவதற்காக! கைத்தொலைபேசி பரவாத காலத்திலே அது பெரிய வசதி.

அவ்வட்டையின் ஒரு சிறப்பினை மாணவர்க்கு நாம் குறிப்பாக எடுத்துக் கூறினோம். வெளிச்சத்தை உணரும் உறுப்பு ஒன்றும் அதிலே இருந்தது. மேசை இலாச்சியில் போட்டு மூடிவிட்டால், இருளை உணர்ந்து அட்டை உறங்கத் தொடங்கிவிடும். மின்கலத்தைச் சேமிக்கவே அவ்வாறு செய்தனராயினும், அணிந்தவருக்கு அதனால் ஒரு சுதந்திரமும் கிடைத்தது. எவரும் தம்மைத் தேடவேண்டாம் என்று நினைத்தால் இலாச்சியைத் திறந்து மூடுவதே போதுமானதாயிற்று.

மாநாடு எதற்கு?

மாநாட்டுக்கென்றே ஆக்கப்பட்ட அட்டைகளுக்குக் கேம்பிரிட்ஜ் அட்டையிலும் வேறான நோக்கம் இருந்தது. அதை உணர்வதற்கு, மாநாடுகள் எதற்காகக் கூட்டப்படுகின்றன என்பதைச் சிந்தித்தல் வேண்டும். கட்டுரைகளை வீட்டிலிருந்தே படிக்கலாமே! நெடுந்தூரம் பயணம் செய்து ஓரிடத்தில் கூடுவதேன்?

எம் தமிழ் உலகிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. 1964 ஆம் ஆண்டு தை மாதத்தில் புதுதில்லியிலே கீழைத்தேயவியல் அறிஞர்களின் 26 ஆவது அனைத்துலக மாநாடு கூடிற்று. அதற்கு வந்திருந்தோருள் தமிழில் ஈடுபாடுடையோர் தனியே சந்தித்துக் கலந்துபேசினர். எம் நாட்டவரான தனிநாயகம் அடிகளாரின் முயற்சி அதிலே முன்னின்றது. அச்சந்திப்பிலே பிறந்ததுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966 ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே முதலாவது மாநாட்டை நடத்திய அம்மன்றம், நான்காவது மாநாட்டை 1974 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே கூட்டியது. புதுதில்லி மாநாட்டு மேடையில் வாசிக்கப்பட்ட கட்டுரைகள் பலவற்றை உலகம் மறந்திருக்கும். மேடைக்கு வெளியே நிகழ்ந்த அந்தச் சந்திப்பு இன்றும் பேசப்படுகிறது.

ஆகவே, மாநாட்டின் பயனிற் பெரும்பங்கு நடைக்கூடத்திலும் தேநீர்க் கோப்பையின் அருகிலும் விளைகிறது. (தேநீர்க் கூடத்தில் நாம் நெடுநேரம் நின்றதற்கு இதுவே எமது சமாதானம்!) அறியாதவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு உதவும் கருவியே பெயரட்டை. கூச்சமுள்ள ஒருவர் அயலவரின் மார்பைப் பார்த்துப் பெயரை வாசித்து, "தாங்கள்தானா அவர்?" என்று பேச்சைத் தொடங்கலாம் அல்லவா?

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1990களின் நடுப்பகுதியில் ஆக்கப்பட்ட 'சிந்திக்கும் அட்டை' இவ்வுதவியையே மேலும் பெருக்க முயன்றது. விருந்துக்கு வந்தோர் சில வினாக்களுக்கு விடையாக, வாளிகள் போன்ற கலங்களுள் தம் அட்டையைத் தோய்த்து எடுத்தனர். பின்பு இருவர் எதிரெதிரே நின்றால், விடைகள் ஒத்தவிடத்துப் பச்சை ஒளியும் மாறுபட்டவிடத்துச் சிவப்பு ஒளியும் அட்டையிலே தோன்றும். "எதிலே நாம் மாறுபடுகிறோம்?" என்று பேச்சுத் தொடங்கிவிடும்! இந்த ஒளியைக் கண்டு பயன் பெற்றோர் நேரே நின்ற இருவருமேயாவர்.

அடுத்து வந்த அட்டைகள் ஆராய்ச்சியாளரின் கருவிகளாயின. 2008 ஆம் ஆண்டு தொடக்கம் இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர் சிலர், இருவர் ஒன்றரை மீற்றருக்குள் முகத்துக்கு முகம் நின்றால் மட்டும் அதனைக் குறித்துக்கொள்ளும் அட்டைகளை மாநாடுகளிலே அணிவித்தனர். மனித உடலில் உள்ள நீர் அந்த வானொலி அலையை உறிஞ்சிவிடும். ஆதலால் முதுகுகாட்டி நிற்போர் கணக்கில் வரமாட்டார். 2009 ஆம் ஆண்டு நீஸ் நகரில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டிலே 405 பேர் இவற்றை அணிந்தனர். அதே ஆண்டு ஐப்பசியில் லியோன் நகரின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 232 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இரண்டு நாட்கள் அணிந்தனர். ஒரு பிள்ளை ஒரு நாளில் சராசரியாக 47 பிள்ளைகளை நேர்முகமாகச் சந்திக்கிறது என்று கண்டார்கள். சளிக்காய்ச்சல் போன்ற நோய் பரவும் வழியை ஆராய்வதே நோக்கம். அவ்வாய்வைத் தொடர்ந்து, நோய் கண்ட வேளையில் பாடசாலை முழுவதையும் மூடாமல் உரிய வகுப்பை மட்டும் மூடினாலும் நல்ல பயன் உண்டென்று 2014 ஆம் ஆண்டில் எழுதினர். பிள்ளைகளின் படிப்புக் கெடாமல் நோயைத் தடுக்க வழி கூறும் ஆய்வை யார் குறைகூறுவர்?

கூட்டத்தில் ஒரு குழந்தை

வேண்டும் என்று வாதிட்ட மாணவர் தம் கட்சிக்கு வலுவாக மாமாங்கத் திருவிழாவை எடுத்துக்காட்டினர். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் திரளும் சனங்களை நாம் அறிவோம். பச்சைச் சட்டை அணிந்த நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு நிற்பதாக ஒலிபெருக்கியில் வரும் அறிவித்தலைக் கேட்டு நெஞ்சு துணுக்குறாத தாய்மார் யார்? அப்பிள்ளையின் கையில் ஓர் அட்டை இருந்திருந்தால்?

இது வெறுங் கற்பனையன்று. சபரிமலைக்குச் செல்லும் பிள்ளைகளின் மணிக்கட்டிலே, பம்பையில் கேரளப் பொலிசார் அடையாளப் பட்டி கட்டிவிடுகின்றனர். காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரையிலும் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எழுதிய பட்டிகளைப் பிள்ளைகளுக்குக் கட்டுவதுண்டு. அமர்நாத் யாத்திரிகர்களுக்கு 2022 ஆம் ஆண்டிலே வானொலி அட்டை கட்டாயமாக்கப்பட்டது. மக்காவுக்குச் செல்லும் எமது முஸ்லிம் சகோதரர்கள் 2024 ஆம் ஆண்டின் ஹஜ்ஜின்போது நுசுக் எனும் அட்டையைத் தம்முடன் வைத்திருக்க வேண்டியிருந்தது. மலைப்பாதையில் வழிதவறியவரைத் தேடவும், நெரிசலை முன்கூட்டியே உணரவும் இத்தகைய ஏற்பாடுகள் துணைசெய்கின்றன. உயிர்காக்கும் பயன் இதில் உண்டு என்பதில் ஐயமில்லை.

பெயரும் குறியும்

விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையிலே, பின்வரிசையில் அதுவரை பேசாமலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை அவள்.

"எங்கள் பட்டியில் மாடுகளுக்குக் குறி சுடுவோம், சேர். அது மாட்டுக்காகச் சுடுவதா, எங்களுக்காகச் சுடுவதா?"

மன்றம் சிறிது நேரம் மௌனமாயிற்று. பிறகு பலரும் ஒருமிக்கப் பேசத் தொடங்கினர்.

அந்த வினாவிலே விடயம் முழுவதும் அடங்கியிருந்தது. பெயர் என்பது அதனை உடையவனுக்கு உரியது. தன்னைப் பிறர் விளித்துப் பேசுவதற்காக அவன் அதனைக் கொடுக்கிறான். குறியோ உடைமைக்காரனுக்கு உரியது. மாடு எங்கே மேய்ந்தாலும் தன்னுடையது என்று காட்டுவதற்காக அவன் அதனை இடுகிறான். ஒரே அட்டை பெயராகவும் இருக்கலாம், குறியாகவும் மாறலாம். சிந்திக்கும் அட்டையின் ஒளியை அணிந்தவரே கண்டனர், அது பெயர். எம் கழுத்தில் கிடந்த அட்டையின் பேச்சைக் கேட்டவர் மின்திரை வியாபாரி, அது குறி.

மட்டக்களப்பாருக்கு இந்த வேறுபாட்டைப் புத்தகத்திலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. இந்நாட்டிலே ஆள் அடையாள அட்டை 1972 ஆம் ஆண்டில் வழங்கத் தொடங்கியபோது அது பெயருக்குச் சான்றாகவே வந்தது. போர்க்காலத்திலே அவ்வட்டை வேறொன்றாயிற்று. 1990களில் நாம் மாணவராக இருந்தபோது, பாடப் புத்தகத்தை மறந்து போனால் ஆசிரியரின் ஏச்சோடு முடியும். அட்டையை மறந்து போனால் அம்மா வாசலில் நின்று அழுவார். சோதனைச் சாவடியில் வரிசையாக நின்று, பேசாமல் அட்டையை நீட்டி, அதிலுள்ள ஊர்ப் பெயரை இன்னொருவர் நிதானமாக வாசிக்கும் வரையில் மூச்சை அடக்கிக் காத்திருந்த நாட்கள் எம் தலைமுறைக்கு மறவா. இன்று எம் மாணவர்க்கு அது கேட்டறிந்த கதை. ஆயினும், யார் வாசிக்கிறார், எதற்காக வாசிக்கிறார் என்ற கேள்வியின் கனம் எத்தகையது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அவர்களுக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

'பெயரை எடுத்துவிட்டு இலக்கத்தை மட்டும் பதிந்தால் தீங்கில்லையே' என்று சிலர் கூறுவர். அதுவும் முழு உண்மையன்று. கைத்தொலைபேசி பாவிக்கும் 15 இலட்சம் பேரின், பெயர் நீக்கிய நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்த அறிஞர் சிலர் 2013 ஆம் ஆண்டிலே ஒரு முடிவை வெளியிட்டனர். ஒருவர் எந்நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு குறிப்புகள் தெரிந்தால், நூற்றுக்கு 95 பேரை அத்தனை இலட்சம் பதிவுகளிலிருந்தும் தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்பதே அம்முடிவு. நடந்த வழியும் ஒருவகைக் கையொப்பமே போலும்!

வேலைத்தலங்களுக்கும் இவ்வட்டைகள் சென்றுள்ளன. ஓர் அமெரிக்க வங்கியின் தொலைபேசிச் சேவைப் பிரிவில், ஊழியர் யாரோடு எவ்வளவு நேரம் உரையாடுகிறார் என்பதை அட்டையால் அளந்தனர். ஒருவர் பின் ஒருவராக இடைவேளை எடுத்தவர்களை ஒன்றாகத் தேநீர் அருந்தவிட்டதும் வேலை சிறந்தது என்று கண்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதே அட்டை, 'இன்னார் இன்று எழுந்து போன தடவைகள் எத்தனை?' என்று எண்ணவும் வல்லது. எதை எண்ணுவது என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை. அதை அணிவிப்பவரே தீர்மானிக்கிறார்.

கேட்கவேண்டிய வினாக்கள்

அவ்வாறாயின் இவ்வட்டையை முற்றாக விலக்கிவிடுவதா? வேண்டியதில்லை. அணியுமுன் சில வினாக்களைக் கேட்டுக்கொண்டால் போதும். இதனை வாசிப்பவர் யார்? என்ன தேவைக்காக வாசிக்கிறார்? வாசித்ததை எப்பொழுது அழிப்பார்? விரும்பாதபோது இதனைக் கழற்றி வைக்கலாமா? கேம்பிரிட்ஜ் அட்டைக்கு இருந்த இருண்ட இலாச்சி இதற்கும் உண்டா?

இவை மரியாதையற்ற வினாக்கள் அல்ல. எம் நாட்டின் சட்டமும் இவற்றையே கேட்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றிய தகவலைத் திரட்டுவோர் அதன் நோக்கத்தை வரையறுத்துக் கூறுதல் வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சித் திரட்டலாகாது. தேவை முடிந்த பின் வைத்திருக்கவும் ஆகாது. மாநாடு நடத்துவோர் இதனை நினைவிற் கொள்வாராக. பதிவுப் பத்திரத்தின் அடியிலே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டுச் சம்மதம் பெற்றுவிட்டோம் என்பது முறையாகாது. அட்டையை மாட்டும் கையே, வாயால் இரண்டு வார்த்தை சொல்லலாமே! கொழும்பில் அந்த இளம்பெண் அதைச் சொல்லியிருந்தால், குளிருக்கு வேறொரு மூலையைத் தேடியிருப்போம்.

நிற்க, எமது கண்காட்சி என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். மாணவர்கள் தாமே கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். சில்லு வேண்டாம், கடதாசி அட்டை போதும் என்றனர். முன்புறத்தில் மாணவரின் பெயரும் ஊரும் தமிழிலே பெரிதாக எழுதப்பட்டன. பார்வையாளருக்குக் கொடுத்த சீட்டிலோ பெயரே இல்லை. வெறும் இலக்கம் கொண்ட குறியீடு மட்டும் இருந்தது. எந்தக் கூடத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணவே அதனைப் பயன்படுத்தினர். மாலையில், சீட்டுகளை மீளப் பெற்று எரித்தனர். சிறு பிள்ளைகளின் கையிலே கடதாசிப் பட்டி கட்டி, பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தை அதன் உட்புறத்தில் எழுதினர். தேவைப்பட்டாலன்றி எவரும் அதைப் பார்க்க முடியாது. இரண்டாம் நாள் ஒரு சிறுவன் கூட்டத்தில் தனித்துப்போனான். சாரண மாணவன் பட்டியை அவிழ்த்துப் பார்த்து அழைத்தான். சில நிமிடங்களில் தாய் வந்து சேர்ந்தார். ஒலிபெருக்கிக்கு வேலை இருக்கவில்லை.

இறுதி நாளன்று, வாவி நீரின் உவர்த்தன்மையை விளக்கும் மேசையருகே முதியவர் ஒருவர் நெடுநேரம் நின்றார். அங்கு விளக்கம் கூறிக்கொண்டிருந்தவள், மன்றத்திலே அந்த வினாவைக் கேட்ட அதே மாணவி. முதியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, அவளுடைய அட்டையை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"மண்டூரா, மகள்? ஆருட பேத்தி நீ?"

அவள் பாட்டனாரின் பெயரைச் சொன்னாள். முதியவரின் முகம் மலர்ந்தது. இருவரும் ஒரு காலத்தில் ஒரே தோணியில் வாவியைக் கடந்து பாடசாலைக்குப் போனவர்களாம்! உவர்நீரை மறந்து இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.